கிணறும் குழியும்: நமது மணலூர்களின் தண்ணீர் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பேர்ச் காணி 272 சதுர அடி. பத்துப் பேர்ச் வளவு 2,722 சதுர அடி. அது சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி வரும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் ஆகக் குறைந்தது 50 அடி வேண்டும் என்று பி.எச்.ஐ. மார் நமது வாப்பாமார் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். அப்படியென்றால் கிணறு ஒரு வேலியோரத்தில், குழி எதிர் வேலியோரத்தில். சரி, அந்தக் குழிக்கு அடுத்த வளவுக் கிணறு எத்தனை அடி? ஆறு பேர்ச் வளவாக இருந்தால் பக்கம் 40 அடிதான். மூலைக்கு மூலை வைத்தாலும் 57 அடிக்கு மேல் இழுக்க முடியாது. நடுவில் வீடும் கட்ட வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும் கணக்கு இது. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை நமது கரையோரத்தில் எத்தனை வளவு இந்தக் கணக்கில் தேறும்? நாம் எல்லோரும் பதிலை அறிவோம். எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறோம். யாரையும் குற்றம் சொல்ல இல்லை. கிணறு ஒரு வழியால் வந்தது, குழி இன்னொரு வழியால் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்த கண் ஒன்று இருக்கவில்லை.

மணலிலிருந்து தொடங்குவோம். நமது ஊர்கள் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலும் களப்பும் இருக்க, நடுவில் கிடக்கும் மணல் மேட்டில் அமைந்தவை. மாரி மழை இந்த மணலுக்குள் இறங்குகிறது. ஆழத்தில் கடலின் உப்புத் தண்ணீர் நிற்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிறது, அரிசி கழுவிய தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரைப் படித்தவர்களின் கணக்கு. இதைத் திருப்பியும் வாசிக்க வேண்டும். மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். இலங்கையின் நிலத்தடி நீரை வகை பிரித்த மண்ணியல் அறிஞர் பானபொக்கே, கரையோர மணலில் நிற்கும் இந்தத் தண்ணீரைத் தனியொரு வகையாகவே வைத்தார். அள்ளுவதற்கு இலகுவானது, கெடுப்பதற்கும் இலகுவானது.

நமது முன்னோருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும். கடற்கரையில் கையால் மணலைத் தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் மெல்ல அள்ளும் பூவல் இருந்தது. கொஞ்சம் அகலமாக வெட்டிய துரவு இருந்தது. பிறகு சுற்றுக்கட்டு வைத்த கிணறு. பூவலில் அவசரப்பட்டு அள்ளினால் உவர்த்துவிடும் என்று மூத்தம்மாமார் சொல்லுவார்கள். அந்த 40 அடிக் கணக்கைத்தான் அவர்கள் சிரட்டையால் சொன்னார்கள்.

ஒரு தெருவுக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தால் பெரிய காரியம். மற்றக் கிணறுகள் குளிக்கவும் துவைக்கவும் மட்டும். விடியற்காலையிலும் அஸருக்குப் பிறகும் பெண்கள் குடத்தோடு நடப்பார்கள். பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் ஹவுழுக்குப் போகும், அங்கிருந்து வுழூவுக்கு. தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்க நம்மிடம் மூன்று அளவுகோல் இருந்தன: நிறம், சுவை, வாடை. சுத்தத்தைப் பற்றிய மார்க்கச் சட்டத்தில் வருவதும் இந்த மூன்றுதான். வுழூவுக்கான சட்டத்தைப் பற்றிப் பேச இங்கே நாம் வரவில்லை, அது ஆலிம்களின் துறை. குடிக்கும் தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழியிலிருந்து கிணற்றுக்கு வந்து சேரும் இரண்டு பொருட்களுக்கு, அதாவது கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும், பெரும்பாலும் நிறமும் இல்லை, சுவையும் இல்லை, வாடையும் இல்லை. “எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி” என்று சொல்லும்போது நாம் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பேச்சில் இந்த இரண்டைப் பற்றியும் எந்தத் தகவலும் இல்லை.

அந்தக் காலத்தில் குழி இருக்கவில்லை. ஆண்களுக்குக் கடற்கரை, பெண்களுக்கு வளவுக் கோடி. அதுவும் இருட்டில். கர்ப்பிணி, வயதானவர், வயிற்றோட்டம் வந்த பிள்ளை எல்லோருக்கும் அதே வளவுக் கோடிதான். பகலில் அடக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு என்னென்ன வருத்தங்கள் வந்தன என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. பழைய நாட்களைப் பற்றிப் பேசும்போது சுத்தமான காற்று, சுத்தமான தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிட்டு இதைத் தாண்டிப் போவது நியாயமில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘கக்கூசு’ என்ற சொல் ஒல்லாந்தருடையது. 1638 இல் அவர்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள், 1796 வரை இலங்கையில் இருந்தார்கள். சொல்லை விட்டுவிட்டுப் போனார்கள். பொருள் ஊருக்குள் வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

குழிக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடம் இலண்டன். 1854 ஆம் ஆண்டு அங்கே புரோட் வீதிப் பகுதியில் வாந்திபேதி பரவி அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, எல்லாமே ஒரு பொதுப் பம்பியைச் சுற்றி இருப்பதைக் கண்டார். செப்டெம்பர் 8 ஆம் திகதி பம்பியின் கைபிடியைக் கழற்றினார்கள். கதையின் இந்தப் பாதி பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மறுபாதிதான் நமக்கு வேண்டியது. அடுத்த வருடம் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மலக்குழியின் செங்கல் கட்டு உக்கிப் போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருந்த தூரம் மூன்று அடிக்கும் குறைவு. முதலில் நோய் கண்ட குழந்தையின் துணிகளைக் கழுவிய தண்ணீரை அதன் தாய் அந்தக் குழிக்குள்தான் ஊற்றியிருந்தாள். பம்பியின் தண்ணீரோ தெளிவாகத்தான் தெரிந்தது. தூர இடங்களிலிருந்தும் விரும்பி எடுத்துப் போனார்கள்.

இலண்டன் பிறகு பெருஞ்செலவில் கழிவுநீர்ச் சாக்கடைகளைக் கட்டியது. குடியேற்ற நாடுகளுக்கு வந்தது சட்டம். இலங்கையில் 1862 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம், அசுத்தம் செய்பவருக்குத் தண்டம் விதித்தது. தண்டம் இருந்தது, கக்கூசு இருக்கவில்லை.

குழி நமது நாட்டுக் கிராமங்களுக்கு வந்த வழி இன்னொன்று. அது தண்ணீரைக் காப்பாற்ற வரவில்லை, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் இரத்தத்தைக் காப்பாற்ற வந்தது. கொழுக்கிப்புழு மலத்தோடு மண்ணில் விழும், குஞ்சு பொரித்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும், குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். மலையகத் தோட்டங்களில் இது மிக மோசமாக இருந்தது. 1916 இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் இங்கே கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தொழிலாளரை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. சில மாதங்களில் திரும்பவும் ஏறியது. ஏனென்றால் லயங்களைச் சுற்றியிருந்த மண் பழைய மண்தான். மருந்துக்குச் சம்மதித்த தோட்டத்துரைமார் பலர் கக்கூசு கட்டும் செலவுக்கு இழுத்தடித்தார்கள். மருந்து மட்டும் போதாது, கிராமத்தின் பழக்கமும் வீட்டின் அமைப்பும் மாற வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தோல்விதான் கொடுத்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் 1926 இல் களுத்துறையில் திறந்த சுகாதாரப் பிரிவு. ஆசியாவிலேயே முன்னோடியாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. ஒரு பிரதேசம், அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நலத் தாதி, மருத்துவமாது. நோய் வரும்வரை ஆஸ்பத்திரியில் காத்திருக்காமல் வீடு வீடாகப் போவது. இன்று நமது எம்.ஓ.எச். பணிமனை என்று சொல்வது அந்தக் களுத்துறை மரத்தின் கிளைதான். சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நின்று “கக்கூசு வெட்டியாச்சா?” என்று கேட்ட பி.எச்.ஐ. யை நமது வாப்பாமாருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அவர் வருகிறார் என்றால் சிலர் பின்வளவால் போய்விடுவார்களாம்.

அந்த மனிதர்கள் வெற்றி பெற்றார்கள் என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். வெறும் குழியும் கிடுகு மறைப்புமாகத் தொடங்கியது, பிறகு வளைந்த கழுத்தில் தண்ணீர் நிற்கும் கொங்கிரீட் பேசின், பிறகு கல் கட்டிய அறை. அந்த வளைவில் நிற்கும் கொஞ்சத் தண்ணீர்தான் ஈயையும் வாடையையும் நிறுத்தியது. இரண்டு மூன்று லீற்றர் தண்ணீரைக் கையால் ஊற்றினால் போதும். இன்று இலங்கையில் திறந்த வெளிக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய இல்லை. தெற்காசியாவில் எத்தனை நாட்டுக்கு இதைச் சொல்லலாம்? ஒரு பெண் இருட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்ற நிலை பெரிய செல்வந்த நாட்டின் சாதனையல்ல, சைக்கிளில் வந்த அரச ஊழியர்களின் சாதனை.

ஆனால் அவர்களுடைய கொப்பியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: கக்கூசு இருக்கிறதா, இல்லையா. எத்தனை அடியில் கிணறு என்ற கேள்வியும் இருந்தது, அது ஒரு வளவுக்குள் மட்டும். வேலிக்கு அப்பால் இருந்தது அடுத்த வீட்டின் கோவை.

இப்போது நமது பக்கத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறோம். கிழக்கில் நாம் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கிற மக்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவின் வளவு மூத்த மகளுக்கு, பக்கத்துத் துண்டு இரண்டாவது மகளுக்கு, பின்துண்டு கடைசி மகளுக்கு. நமது அயலவர்களான தமிழ் மக்களிடமும் இந்த வழக்கம் உண்டு. 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கூரை இருப்பது சின்ன விஷயமல்ல. எத்தனையோ பெண்களை அது தெருவில் நிற்காமல் காப்பாற்றியிருக்கிறது. பெண் வீட்டாரின் முதுகை முறிக்கும் சீதனச் சுமை வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

தண்ணீர்க் கணக்கில் இந்த வழக்கம் என்ன செய்தது என்று பாருங்கள். மூத்தம்மாவின் வளவு நாற்பது பேர்ச், ஒரு கிணறு, ஒரு குழி என்று வைத்துக்கொள்ளுங்கள். உம்மாவின் காலத்தில் அது இரண்டு இருபது பேர்ச், இரண்டு கிணறு, இரண்டு குழி. நமது ராத்தாமார் காலத்தில் நான்கு பத்துப் பேர்ச், நான்கு கிணறு, நான்கு குழி. மணல் அதே மணல், அதற்குள் விழும் மழையும் அதே மழை. ஒவ்வொரு வாப்பாவும் மகளுக்கு ஒரு கிணறும் ஒரு கக்கூசும் கட்டிக் கொடுத்துத் தன் கடமையைச் செய்தார். எல்லா வாப்பாமாரும் கடமையைச் செய்து முடித்தபோது குழியும் கிணறும் அடுத்தடுத்து வந்துவிட்டன.

நெருக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. யுத்த காலத்தில், முக்கியமாக 1985 க்கும் 1990 க்கும் இடையில், உள்ளூர்க் கிராமங்களையும் வயல் குடியிருப்புகளையும் விட்டுவிட்டுப் பல குடும்பங்கள் கரையோரத்துக்கு வந்தன. திரும்பிப் போகாதவர்களும் இருக்கிறார்கள். இருந்த மணல் துண்டில் இன்னும் வீடுகள் ஏறின.

அதே காலத்தில் மின்சாரமும் மோட்டரும் வந்தன. வாளியால் அள்ளும்போது ஒரு வீடு எடுக்கும் தண்ணீருக்கு கை வலி ஒரு எல்லை போட்டது. மோட்டருக்கு வலி இல்லை. மேலே தாங்கி, கீழே குழாய், வாளியால் ஊற்றிய கக்கூசுக்குப் பதிலாகச் சங்கிலி இழுக்கும் கொமட், பிறகு அமத்தும் கொமட். ஒரு தடவை இழுத்தால் ஆறு லீற்றரிலிருந்து ஒன்பது லீற்றர் வரை குழிக்குள் போகும். கிணற்றில் வேகமாக இறைத்தால் சுற்றியிருக்கும் மணலிலிருந்து தண்ணீர் கிணற்றை நோக்கி ஓடி வரும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மணல் கேட்பதில்லை. மாரி காலத்தில் நிலைமை இன்னும் மோசம். நிலத்தண்ணீர் மேலே ஏறிக் குழிக்குள்ளேயே வந்து நிற்கும்போது, இடையில் வடிகட்ட உலர்ந்த மணல் மிஞ்சுவதில்லை. மாரி முடியும் தறுவாயில் வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் நெருப்புக்காய்ச்சலும் வகுப்பறையில் கதிரைகளை வெறுமையாக்குவதை ஆசிரியர்களான நாம் வருடாவருடம் இடாப்பில் பார்க்கிறோம்.

இனி அரசாங்கத்தின் தண்ணீர்ப் பக்கம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. அந்தப் பெயரை மெதுவாக வாசித்துப் பாருங்கள். நீர் வழங்கல் ஒன்று, வடிகாலமைப்பு இரண்டு. இரண்டாவது சொல் இன்னும் நமது தெருவுக்கு வரவில்லை. நமக்கு மட்டுமல்ல. இன்றுவரை நாட்டில் குழாய் வழியாகக் கழிவுநீர் போகும் வீடுகளில் வாழ்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். கொழும்பு நகரத்துக்கு நூறு வருடங்களுக்கு முன்பே அது கிடைத்துவிட்டது.

1977 இல் ஆர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் ஐக்கிய நாடுகள் தண்ணீர் மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1981 முதல் 1990 வரை சர்வதேசக் குடிநீர், சுகாதாரத் தசாப்தம் என்று அறிவித்தார்கள். பத்து வருடத்தில் எல்லோருக்கும் தண்ணீர் என்பது இலக்கு. நமது நாட்டின் வரண்ட பகுதிகளில் கைப்பம்பி பூட்டிய குழாய்க் கிணறுகள் அந்தக் காலத்தில்தான் பெருகின. நல்ல எண்ணம். ஆனால் பம்பியின் உள்ளே தோல் வளையம் தேய்ந்தால் மாற்றுவது யார்? திணைக்களத்தின் வாகனம் வர வேண்டும். யுத்தப் பிரதேசத்தில் வாகனம் வராது. பம்பி துருப்பிடித்து நிற்கும், பெண்கள் பழைய கிணற்றுக்கே போவார்கள்.

இந்தப் பாடத்தைப் படித்துத்தான் 1993 இல் உலக வங்கியின் கடனுதவியோடு சமுதாய நீர் வழங்கல், சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில். ஊர் ஒரு சங்கம் அமைக்க வேண்டும், என்ன மாதிரித் திட்டம் வேண்டும் என்று ஊரே தீர்மானிக்க வேண்டும், செலவில் ஒரு பங்கைப் பணமாகவும் உடலுழைப்பாகவும் போட வேண்டும், பிறகு பராமரிப்பு முழுவதும் ஊரின் பொறுப்பு. மாதக் கட்டணம் பிரிக்க ஒரு பொருளாளர், வால்வு திறக்க ஒரு பையன். மலசலகூடமும் அதே திட்டத்துக்குள் இருந்தது. 2003 இல் இரண்டாம் கட்டம் வந்தது. இப்படி உருவான சங்கங்களைப் பார்க்க 2014 இல் தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களம் என்று தனியாக ஒன்றை உண்டாக்கும் அளவுக்கு அவை பெருகின. எங்கள் கணிப்பில் நாட்டின் கிராம அபிவிருத்தி வரலாற்றில் மிக மதிப்பான வேலைகளில் இதுவும் ஒன்று.

அப்படியானால் அதை இங்கே கொண்டுவந்து போட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். மலைநாட்டில் ஊற்று உயரத்தில் இருக்கிறது, வீடு கீழே, குழி அதற்கும் கீழே. தண்ணீர் சும்மா இறங்கி வருகிறது, அசுத்தம் அதற்கு மேலே ஏறுவதில்லை. நமது மணலில் மேல் கீழ் என்ற பேச்சே இல்லை. ஊற்றும் வீடும் குழியும் ஒரே மட்டம். அங்கே ஒரு சங்கம் ஊற்றைச் சுற்றி வேலி போட்டால் காவல் முடிந்தது. இங்கே ஊர் முழுவதுமே ஊற்று. வேலி போடுவதானால் ஒவ்வொரு குழியையும் சுற்றித்தான் போட வேண்டும்.

2004 டிசெம்பர் 26. அப்போது நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். நாட்டிலேயே ஆகக் கூடிய இழப்பு. அந்த ஜனாஸாக்களைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. கிணறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறோம். கடல் ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் இறங்கியது, ஒவ்வொரு குழியையும் புரட்டியது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு இயந்திரப் பம்பி வைத்துக் கிணறுகளை இறைத்தார்கள். உப்புப் போகவில்லை. திரும்ப இறைத்தார்கள். சில கிணறுகளில் உப்புக் கூடியது. மூத்தம்மாவின் பூவல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? மெல்லிய நல்ல தண்ணீர்ப் படையை இறைத்து எடுத்தால் கீழே இருந்த உப்பு மேலே வரும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தினர் கிழக்குக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து இதையே சொன்னார்கள்: திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள், மாரி மழைதான் இதைக் கழுவும். அப்படியே நடந்தது. அதுவரை பவுசர் தண்ணீரும் தெருவோரக் கறுப்புத் தாங்கியும்தான்.

பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். அங்கிருந்தவர்களில் பலர் உள்ளே நகர்ந்தார்கள். இருந்த வளவுகள் இன்னும் ஒரு தடவை துண்டாகின.

சுனாமிக்குப் பின் வந்த வருடங்களில் குழாய்த் தண்ணீர் படிப்படியாக நமது தெருக்களை நிறைத்தது. அந்தத் தண்ணீரின் வழியும் ஒரு வரலாறுதான். 1949 இல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரம், நெல்லுக்காகக் கட்டியது. அதன் தண்ணீர் அம்பாறையின் கொண்டவட்டுவான் குளத்துக்கு வந்து, அங்கே சுத்திகரித்து, நமது அடுப்படிக் குழாய்க்கு வருகிறது. வயலுக்காகத் தேக்கிய தண்ணீரைக் கரையோரத்தார் குடிக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், இது பெரிய நிஃமத். குடம் சுமந்த தோள்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

குழாய் வந்ததும் கிணற்றைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. குடிப்பது குழாய்த் தண்ணீர், கிணறு குளிக்கவும் செடிக்கும் என்று ஆகிவிட்டது. பில் கூடும் மாதத்தில் கிணற்றுத் தண்ணீரில் சமையலும் நடக்கும். வெள்ளத்தில் குழாய் நிற்கும் நாட்களில் எல்லோரும் திரும்பவும் கிணற்றுக்கே போகிறோம், அதுவும் கிணறு ஆகக் கெட்டிருக்கும் நாட்களில். சிலர் கிணற்றைக் கட்டடக் கழிவு போட்டு மூடிவிட்டார்கள். இன்னும் சிலர், இதைச் சொல்லத்தான் வேண்டும், பழைய கிணற்றையே புதிய மலக்குழியாக மாற்றியிருக்கிறார்கள். கட்டிய வளையம் சும்மா கிடக்கிறதே என்ற சிக்கனம். ஊரின் நிலத்தண்ணீருக்குள் நேராக ஒரு குழாய் செருகியதற்குச் சமம் அது.

இலங்கையின் குடிநீர்த் தரத்தின்படி நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். நைத்திரேற்று கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் 1980 களிலேயே கிணறுகளில் இந்தப் பிரச்சினையை அளந்து எழுதிவிட்டார்கள். அங்கே உரமும் சேர்ந்த காரணம். தோட்டம் இல்லாத நெருக்கமான ஊரில் வேறு யாரைக் கைகாட்டுவது?

குழாய்த் தண்ணீர் உள்ளே வரும் அளவுக்கு வெளியேயும் போக வேண்டும். அது போகும் ஒரே இடம் குழி. முன்பு பத்து வருடத்துக்கு நிரம்பாத குழி இப்போது மாரிக்கு மாரி நிரம்புகிறது. தொலைபேசி எடுத்தால் பவுசர் வரும், உறிஞ்சும், போகும். பணத்தைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? களப்போரமா, வயல் வாய்க்காலா, ஒதுக்கிய இடமா? பி.எச்.ஐ. யின் கொப்பியில் கக்கூசு இருக்கிறது என்ற கோட்டில் சரி போட்டிருக்கிறது. நீர் வழங்கல் சபையின் கணக்கில் இணைப்பு இருக்கிறது. இரண்டு அலுவலகமும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பவுசரின் பயணம் எந்தக் கோவையிலும் இல்லை. பள்ளிவாசல் நிருவாகங்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் அடுத்த கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்பது எங்கள் அபிப்பிராயம். கேட்டால் சங்கடப்படுவார்கள். படட்டும்.

மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அடியில்லாத வளையக் குழி மலிவு என்று மேசன் சொல்லுவார். அடியும் பக்கமும் பூசிய, இரண்டு அறையுள்ள தாங்கி கட்டி, தெளிந்த தண்ணீரை மட்டும் ஆழமில்லாத ஊறல் குழிக்கு விடுவது செலவு கூட. அதில் திண்மம் தாங்கிக்குள்ளேயே தங்கும், கிருமி குறையும். நைத்திரேற்றை அதுவும் நிறுத்தாது, ஆகவே பத்துப் பேர்ச்சில் இதுவும் முழுத் தீர்வல்ல. ஆனால் தரையோடுகளுக்குச் செலவழிக்கும் காசோடு ஒப்பிட்டால் பெரிய தொகையும் அல்ல.

எங்கள் பத்தாம் தர மாணவர்கள் இந்தத் தவணையில் வரலாற்றுப் பாட ஒப்படையாக ஊரின் பழைய பொதுக் கிணறுகளைப் பட்டியலிடுகிறார்கள். கிணற்றின் பெயர், வெட்டியது யார், எந்தத் தெரு குடித்தது, எப்போது மூடினார்கள், இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது, ஆகக் கிட்டவுள்ள குழி எத்தனை அடி. அளவுநாடாவோடு பிள்ளைகள் வாசலுக்கு வந்தால் பின்வளவுக்குப் போக விடுங்கள். வீட்டில் மூத்தம்மா இருந்தால் அவவைப் பேச விடுங்கள், குறுக்கே மறிக்காமல். பள்ளிவாசல் கிணற்றுக்கு முன்பு ஹவுழுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவரை எங்களுக்கு இரண்டு வெவ்வேறு பதில்கள் கிடைத்திருக்கின்றன. மூன்றாவது பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.